வேலூர்க் கோட்டைச் சுவரும் ரிஸ்க்-ஃபைவ் போர்டும்: ஒரு ரெண்டரரை இடம் மாற்றிய பதிவு

எக்ஸ்86-க்கென்றே (இன்டெல், ஏஎம்டி கணினிகளின் ப்ராசஸர் வகை) எழுதிய ஒரு ரெண்டரரை, அதாவது முப்பரிமாண மாடலிலிருந்து படம் உருவாக்கும் மென்பொருளை, வேறு கட்டளைத் தொகுதி பேசும் ரிஸ்க்-ஃபைவ் போர்டில் கம்பைல் ஆக வைப்பது பெரிய வேலை இல்லை. சரியான படம் வரவைப்பதுதான் வேலை. கட்டளைகளை ஒன்றுக்கு ஒன்று மாற்றி எழுதுவதில் சிக்கல் குறைவு. "ப்ராசஸர் என்றால் இப்படித்தான் நடந்துகொள்ளும்" என்று எழுதியவர் மனதுக்குள் வைத்திருந்த எக்ஸ்86 பழக்கங்கள்தான் ஒவ்வொன்றாகப் படத்தில் கறையாக வந்து நிற்கும். இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்தக் கறைகளைப் பற்றியதுதான்.

எடுத்துக்கொண்ட மென்பொருள்: சி++-ல் எழுதிய ஒரு பாத் டிரேசர், அதாவது ஒளிக்கதிர்களின் பாதையைத் தொடர்ந்து படம் வரையும் ரெண்டரர். எஸ்எஸ்இ (நான்கு எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் எக்ஸ்86 கட்டளைகள்) இன்ட்ரின்சிக் நிறைந்தது, பிவிஎச் மரம் (கதிர் எதில் படும் என்று சீக்கிரம் தேட, பொருள்களைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய மரம்) நான்கு கிளை அகலம். சோதனைக் காட்சி: வேலூர்க் கோட்டையின் வெளிச்சுவர், அகழித் தண்ணீர், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளித் தூண் ஒன்று. சுவரின் கருங்கற்களை எளிமையாக்கி, அரை மீட்டர் கட்டத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கிய மாடல். கேமரா ஆர்த்தோகிராஃபிக், அதாவது கட்டட வரைபடத்தில் வரும் முகப்புத் தோற்றம் போல எல்லாக் கதிரும் இணையாகப் போகும். இந்தத் தேர்வு தற்செயல் இல்லை. ஏன் என்பது கீழே வரும்.

எடுத்து வைக்க வேண்டியவை

போர்டு இரண்டு தேவை. ஒன்றில் வெக்டர் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வசதி) இருக்க வேண்டும், மற்றதில் இருக்கக் கூடாது. வெக்டர் உள்ளதற்கு பனானா பை பிபிஐ-எஃப்3: ஸ்பேஸ்மிட் கே1 சில்லு, 8 கோர், வெக்டர் 1.0, அகலம் 256 பிட். வெக்டர் இல்லாததற்கு விஷன்ஃபைவ் 2: ஜேஎச்7110 சில்லு, சைஃபைவ் யு74 கோர் நான்கு, 1.5 கிகாஹெர்ட்ஸ். ஒப்பிட்டுப் பார்க்க, மூல நிரல் ஏற்கெனவே ஓடும் ஒரு எக்ஸ்86 டெஸ்க்டாப். சீரியல் கன்சோலுக்கு 3.3 வோல்ட் யுஎஸ்பி-டிடிஎல் கேபிள், வேகம் 115200. கடையில் கேட்டால் 5 வோல்ட் கேபிளை எடுத்து நீட்டுவார்கள். அதை மாட்டினால் பின் போய்விடும், பார்த்து வாங்கவும். 40 மில்லிமீட்டர் விசிறி ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலூரில் அது ஆடம்பரம் இல்லை.

இரண்டு போர்டு ஏன் என்றால், ரிஸ்க்-ஃபைவ் ஒரே நிறுவனத்தின் சில்லு இல்லை. 2010-ல் பெர்க்லியில் தொடங்கிய திறந்த கட்டளைத் தொகுதி அது. சென்னை ஐஐடியின் சக்தி கோர்களும் அதே கட்டளைகளைத்தான் பேசுகின்றன. அடிப்படைத் தொகுதி எல்லோருக்கும் பொது. வெக்டர் போன்றவை செய்பவர் விருப்பம். 2024-ல் இறுதியான ஆர்விஏ23 வரையறை வெக்டரைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் வந்த போர்டுகளில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வெக்டரின் 1.0 வரையறை 2021-ல் முடிவானது. அதற்கு முந்தைய 0.7.1 வரைவை வைத்து வந்த சில்லுகள் சந்தையில் இருக்கின்றன, டிஎச்1520 அப்படிப்பட்டது. சில கர்னல்கள் இவற்றுக்கும் சிபியுஇன்ஃபோவில் (ப்ராசஸர் விவரம் காட்டும் லினக்ஸ் கோப்பு) வெக்டரைக் குறிக்கும் "வி" எழுத்தைக் காட்டிவிடும். நம் பாலாறு மாதிரி: பெயர்ப்பலகை இருக்கும், இறங்கினால் மணல். இரண்டு வரையறைகளிலும் கட்டளைகளின் பிட் அமைப்பே வேறு. 1.0-க்குக் கட்டிய நிரல் அங்கே சட்டவிரோதக் கட்டளை என்று செத்தால் நல்லது, சாகாமல் தப்பான விடை கொடுத்தால்தான் ஆபத்து. எனவே சிபியுஇன்ஃபோ எழுத்தை நம்ப வேண்டாம். லினக்ஸ் 6.4-லிருந்து ஹெச்டபிள்யு-ப்ரோப் என்ற சிஸ்டம் கால் இருக்கிறது, அதைக் கேளுங்கள். வெக்டர் ரெஜிஸ்டர்களைக் கர்னல் காப்பாற்றி வைக்கும் வசதி 6.5-ல் வந்தது. இந்தப் போர்டுக்கென்று வரும் கர்னல் அதைவிடப் பழையதென்றால் முதலில் அதை மாற்றவும்.

பில்டு

போர்டிலேயே கம்பைல் செய்வது பொறுமைக்குச் சோதனை. டெஸ்க்டாப்பிலேயே போர்டுக்கான நிரலைக் கட்டி (கிராஸ் கம்பைல்), நகலெடுத்துப் போடுவதே வழி. டெபியன் 13-ல் ரிஸ்க்-ஃபைவ் 64 அதிகாரபூர்வக் கட்டமைப்பாகச் சேர்ந்துவிட்டது, அதில் வரும் ஜிசிசி 14-ம் வெக்டர் இன்ட்ரின்சிக்குகளை முழுதாகப் புரிந்துகொள்கிறது. போர்டுக்கான நூலகங்கள் அடங்கிய சிஸ்ரூட் கோப்புறையை டிபூட்ஸ்டிராப்பால் இறக்கிக்கொள்ளலாம்.

எந்தக் கட்டளைத் தொகுதிக்குக் கட்டுவது என்று கம்பைலருக்குச் சொல்லும் "எம்-ஆர்ச்" ஃபிளாக்கில்தான் முதல் தவறு நடக்கும். மொத்த நிரலையும் "ஆர்வி64ஜிசிவி" என்று கட்டினால், மெயின் ஃபங்ஷனுக்குள் நுழைவதற்கு முன்பே கம்பைலர் எங்காவது ஒரு வெக்டர் கட்டளையை நுழைத்திருக்கும். விஷன்ஃபைவில் அந்த இடத்திலேயே செத்துவிடும், எந்த வெர்ஷனை ஓட்டுவது என்று தேர்வு செய்யும் நிரல் ஓடவே ஓடாது. எனவே எல்லாம் "ஆர்வி64ஜிசி". பிவிஎச் நடையும் முக்கோண வெட்டும் உள்ள இரண்டு கோப்புகள் மட்டும் "வி" சேர்த்து, தனிப் பெயர்வெளியில். தொடக்கத்தில் ப்ரோப் சொல்வதைப் பார்த்து ஃபங்ஷன் பாயின்டரை மாற்றுங்கள். அந்த இரண்டு கோப்புகளிலும் பொதுவான ஹெடர்களில் இருக்கும் இன்லைன் ஃபங்ஷன்களை வைக்காதீர்கள். லிங்கர் ஒரே பெயரில் இரண்டு நகலைக் கண்டால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடும், வெக்டர் நகலை வைத்துக்கொண்டால் பழைய கதைதான்.

முதல் பில்டில் வரும் பிழைகள் எதிர்பார்த்தவை. எஸ்எஸ்இ ஹெடர் கிடையாது. ப்ராசஸரின் வசதிகளைக் கேட்கும் சிபியுஐடி கிடையாது. டைமருக்கு ஆர்டிடிஎஸ்சி கிடையாது. சைக்கிள் எண்ணியைப் பயனர் நிரலிலிருந்து படிப்பதைப் புதிய கர்னல்கள் தடுத்துவிட்டன, அதனால் சாதாரண மோனோடானிக் கடிகாரமே போதும். ஸ்பின் லூப்பில் இருக்கும் பாஸ் கட்டளைக்கு இங்கேயும் ஒன்று உண்டு. அது ஃபென்ஸ் குடும்பத்தின் ஒரு குறிப்புக் குறியீடு என்பதால், தெரியாத கோரில் ஓடினாலும் ஒன்றும் ஆகாது. டீநார்மல் எண்களை (சுழியை ஒட்டிய மிகச் சிறியவை) சுழியாக்கும் எக்ஸ்86 மோடுக்கு ரிஸ்க்-ஃபைவ் அடிப்படை வரையறையில் இணையே இல்லை, அந்த வரிகளை நீக்குங்கள். ஜிசிசி 12 அல்லது அதற்கும் பழையதென்றால் ஒரு பைட் அட்டாமிக்குகளுக்கு (பல த்ரெட்கள் மோதாமல் மாற்றும் மதிப்புகள்) லிங்கர் கூச்சல் போடும். அட்டாமிக் நூலகத்தைச் சேர்த்தால் அடங்கும். 13-லிருந்து அந்தத் தொல்லை இல்லை.

படம் வருவதற்கு முன்: எதை ஒப்பிடுவது

முழு ஒளியோடு ரெண்டர் செய்த படத்தை எக்ஸ்86 படத்தோடு பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டுப் பயனில்லை. சைன், கொசைன் கணக்கில் கடைசி பிட் மாறினாலும் கதிர் வேறு பக்கம் துள்ளும், அதன் பிறகு இரண்டு படமும் வேறு வேறு இரைச்சல்தான். ஒப்பிட வேண்டியது ஐடி பாஸ். ஒரு பிக்சலுக்கு ஒரு கதிர், நடுக்கம் இல்லை, துள்ளல் இல்லை. கதிர் எந்த முக்கோணத்தில் பட்டதோ அதன் எண்ணை 32 பிட் முழு எண்ணாக எழுதுங்கள். இது இரண்டு எந்திரத்திலும் ஒரே ஹேஷ் (முழுப் படத்தையும் சுருக்கிய அடையாள எண்) கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் பிழை உண்டு, "ஃப்ளோட் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது.

இங்கே 1920-க்கு 1080 படத்தில் அகலம் 120 மீட்டர், அதாவது ஒரு பிக்சல் 0.0625 மீட்டர். ஐடி பாஸில் கதிர் பிக்சலின் மூலையிலிருந்து கிளம்புகிறது. அரை மீட்டர் கல்லுக்கு 8 பிக்சல். அப்படியென்றால் ஒவ்வொரு எட்டாவது கதிரும் இரண்டு கல் ஒட்டும் தளத்தின் மேலேயே, மயிரிழை விலகாமல் போகிறது. 0.0625, 0.5 இரண்டும் பைனரியில் துல்லியமாக எழுத முடிந்த எண்கள் என்பதால் ரவுண்டிங்கும் காப்பாற்றாது. ஆர்த்தோகிராஃபிக் கேமராவைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். சாதாரண பெர்ஸ்பெக்டிவ் காட்சியில் இந்தப் பிழை வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

கல் இடுக்கில் தெரிந்த வானம்

முதல் ஐடி பாஸில் எக்ஸ்86 படத்தில் சுவர் முழுசு. ரிஸ்க்-ஃபைவ் படத்தில் சுவர் முழுக்கக் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு கல் இடுக்கிலும் ஒரு பிக்சல் அகலக் கோடு, அதன் வழியே பின்னால் இருக்கும் வானம்.

காரணம் பெட்டி வெட்டுச் சோதனையில் இருக்கிறது. ஒவ்வொரு அச்சிலும், பெட்டியின் கீழ் முகத்திலிருந்து கதிரின் தொடக்கத்தைக் கழித்து, திசையின் தலைகீழால் பெருக்குகிறோம். மேல் முகத்துக்கும் அதே. இரண்டில் சிறியது நுழைவு, பெரியது வெளியேற்றம். கதிரின் திசை அந்த அச்சில் சுழி என்றால் தலைகீழ் முடிவிலி. தொடக்கம் சரியாக முகத்தின் மேல் இருந்தால் கழித்தது சுழி. சுழியை முடிவிலியால் பெருக்கினால் நேன், அதாவது எண் அல்லாத மதிப்பு. (ஆங்கிலச் சுருக்கத்தை அப்படியே "நான்" என்று எழுதினால் வேறு யாரோ பேசுவது போலாகிவிடும், அதனால் நேன்.)

இப்போது, சிறியதைக் கண்டுபிடிக்கும் கட்டளைக்கு ஒரு பக்கம் நேன் வந்தால் என்ன செய்யும்? எஸ்எஸ்இ கட்டளை இரண்டில் எது நேன் என்றாலும் இரண்டாவது மதிப்பைத் தரும். சி++ நூலகத்தின் மின் ஃபங்ஷன் முதல் மதிப்பைத் தரும். ரிஸ்க்-ஃபைவின் எஃப்மின் கட்டளையும் அதன் வெக்டர் வடிவமும் எது எண்ணோ அதைத் தரும். ஒரே பெயர், மூன்று குணம்.

கதிர் ஒரு கல்லின் மேல் முகத்தின்மீது போகிறது என்று வையுங்கள். முதல் மதிப்பு கழித்தல் முடிவிலி, இரண்டாவது நேன். எஸ்எஸ்இ-யில் சிறியதும் நேன், பெரியதும் நேன். அடுத்த படியில் அந்த நேன் முதல் இடத்தில் போவதால் அதுவரை சேர்ந்த எல்லையே நிலைக்கிறது, அதாவது இந்த அச்சு கணக்கில் வரவில்லை, பெட்டி பட்டது. ரிஸ்க்-ஃபைவில் சிறியதும் பெரியதும் கழித்தல் முடிவிலி. வெளியேற்றம் கழித்தல் முடிவிலி என்றால் பெட்டி கதிருக்குப் பின்னால் என்று பொருள், படவில்லை. பக்கத்துக் கல்லுக்கு அதே தளம் கீழ் முகம். அங்கே முதல் மதிப்பு நேன், இரண்டாவது கூட்டல் முடிவிலி, இரண்டு ப்ராசஸரிலும் நுழைவு முடிவிலி ஆகி, படவில்லை. ஆக எக்ஸ்86-ல் இரண்டு கல்லில் ஒன்று கதிரைப் பிடித்துக்கொண்டது. ரிஸ்க்-ஃபைவில் இரண்டும் கைவிட்டன. எக்ஸ்86-ல் நிரல் சரியாக இருந்தது என்று சொல்ல முடியாது, அதிர்ஷ்டம் இருந்தது.

இங்கே பலரும் செய்வது எஸ்எஸ்இ குணத்தைப் போலவே நடிக்கும் ஒரு ஃபங்ஷனை எழுதுவது: ஒப்பிட்டு, முகமூடி எடுத்து, தேர்ந்தெடு. வேலை செய்யும், ஆனால் ஒரு கட்டளைக்கு இரண்டு ஆகும், அடிப்படைத் தவறும் அப்படியே நிற்கும். சரியான திருத்தம், எந்த முகம் முன்னால், எது பின்னால் என்பதைக் கதிரின் குறியை வைத்து முன்கூட்டியே பிரிப்பது. அப்போது நுழைவுக் கணக்கில் நேன் வந்தால் நுழைவெல்லை மாறாது, வெளியேற்றத்தில் வந்தால் வெளியேற்றவெல்லை மாறாது. ரிஸ்க்-ஃபைவின் எஃப்மின் எண்ணை மட்டும் வைத்துக்கொள்வதால் மதிப்புகளை எந்த வரிசையில் கொடுத்தாலும் சரி. எஸ்எஸ்இ-யில் மட்டும் புதிய மதிப்பு முதலில் வர வேண்டும்.

ஒரு நுணுக்கம்: குறியைத் திசையிலிருந்து எடுக்காதீர்கள், தலைகீழிலிருந்து எடுங்கள். திசை கழித்தல் சுழியாக இருந்தால் "சுழியைவிடச் சிறியதா" என்ற கேள்விக்கு இல்லை என்று விடை வரும், ஆனால் தலைகீழ் கழித்தல் முடிவிலியாக நிற்கும். முன்பின் மாறி, கோடுகள் திரும்பி வரும், அதுவும் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பும்போது மட்டும்.

ஊசித் துளைகள்

கோடுகள் போன பிறகு யாளித் தூணில் ஆங்காங்கே ஒற்றைப் பிக்சல் துளைகள். முக்கோணங்கள் சேரும் விளிம்புகளில் மட்டும். இது எஃப்எம்ஏ, பெருக்கிக் கூட்டுவதை ஒரே ரவுண்டிங்கில் முடிக்கும் கட்டளை. எக்ஸ்86-64 அடிப்படையில் அது இல்லை. ரிஸ்க்-ஃபைவில் ஃப்ளோட் தொகுதியிலேயே இருக்கிறது, ஜிசிசி கேட்காமலேயே பயன்படுத்தும்.

முக்கோண வெட்டில் விளிம்புச் சோதனை என்பது இரண்டு பெருக்கலின் வித்தியாசம். ஒரு விளிம்பைப் பகிரும் இரண்டு முக்கோணங்களும் அதே நான்கு எண்களை வைத்து, குறி மட்டும் மாறிய அதே விடையைப் பெற வேண்டும். அப்போதுதான் கதிர் ஒன்றில் வெளியே என்றால் மற்றதில் உள்ளே என்பது உறுதி. எஃப்எம்ஏ வந்தால் ஒரு பெருக்கல் ரவுண்ட் ஆகாமலும் மற்றது ரவுண்ட் ஆகியும் கழிக்கப்படும். பக்கத்து முக்கோணத்தில் அந்த இரண்டின் இடம் மாறும். இரண்டு விடையும் ஒன்றுக்கொன்று சரியான எதிர்க்குறியாக இருக்காது. இரண்டிலும் இம்மியளவு எதிர்மறை வந்துவிட்டால் கதிர் நடுவே நழுவும்.

வெட்டுக் கோப்புகளுக்கு மட்டும், இப்படி இணைக்க அனுமதிக்கும் எஃப்பி-கான்ட்ராக்ட் ஃபிளாக்கை ஆஃப் செய்யுங்கள். முழு நிரலுக்கும் ஆஃப் செய்தால் ஷேடிங்கில் கிடைக்கும் நியாயமான வேகமும் போகும். இன்ட்ரின்சிக்கில் எழுதிய பகுதியிலும் பெருக்கலையும் கழித்தலையும் கம்பைலர் இணைத்துவிடுகிறதா என்று ஆப்ஜ்டம்ப்பில் (கம்பைல் ஆன கோப்பின் கட்டளைகளைக் காட்டும் கருவி) ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபாஸ்ட்-மேத் ஃபிளாக் இருந்தால் அதை உடனே தூக்குங்கள். அது நேன் என்பதே கிடையாது என்று கம்பைலருக்குச் சத்தியம் செய்து கொடுப்பது, மேலே செய்த அத்தனையும் வீண்.

மற்ற கறைகள், சுருக்கமாக

தூணின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் வெளிச்சமாக இருந்தால், சி++-ன் ஒரு பைட் எழுத்து வகையான கேர் வகையைப் பாருங்கள். நார்மல்களை (பரப்பு எந்தத் திசையை நோக்குகிறது என்ற எண்கள்) 8 பிட்டில் அடைத்து, சும்மா கேர் என்று அறிவித்திருப்பார்கள். எக்ஸ்86 லினக்ஸில் அது குறியுள்ளது, ரிஸ்க்-ஃபைவில் குறியற்றது. எதிர்மறை நார்மலே இல்லாமல் போகும். குறியுள்ள 8 பிட் முழு எண் வகைக்கு மாற்றுங்கள்.

அகழித் தண்ணீரின் பளபளப்பில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் தலைகீழ் வர்க்கமூலம். எஸ்எஸ்இ-யின் தோராயக் கட்டளை சுமார் 12 பிட் துல்லியம் தரும், நியூட்டன் முறையில் ஒரு சுற்று போதும். ரிஸ்க்-ஃபைவ் வெக்டரில் உள்ளது 7 பிட்தான், பெயரிலேயே 7 இருக்கிறது. ஒரு சுற்றில் 14-ஐ ஒட்டி நிற்கும், இரண்டாவது சுற்றில்தான் 24 பிட் ஃப்ளோட்டுக்குப் போதும். பழைய நிரலின் ஒரு சுற்றை அப்படியே நகலெடுத்தால் படம் "கிட்டத்தட்ட" சரியாக இருக்கும், அதுதான் மோசம்.

டெக்ஸ்சர் படிக்கும் இடத்தில் செக்மென்டேஷன் பிழை வந்தால் ஃப்ளோட்டிலிருந்து முழு எண்ணுக்கு மாற்றுவதைப் பாருங்கள். நேன் வந்தால் எக்ஸ்86 -2147483648 தரும். ரிஸ்க்-ஃபைவ் 2147483647 தரும். "சுழிக்குக் கீழே போனால் சுழி" என்ற ஒரே ஒரு வேலி மட்டும் வைத்த நிரல் எக்ஸ்86-ல் பிழைத்துக்கொள்ளும், இங்கே அட்டவணைக்கு வெளியே போய் விழும். இரண்டு பக்கமும் வேலி போடுங்கள். அதைவிட, யுவி மதிப்பில் (டெக்ஸ்சரில் எந்த இடம் என்று சொல்லும் எண்கள்) நேன் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பரப்பு சுழியான முக்கோணம் ஒன்று மாடலில் இருக்கும்.

விடை சரி, ஆனால் விஷன்ஃபைவில் தாங்க முடியாத மந்தம் என்றால், கோப்பின் ஹெடரைப் பாருங்கள். இங்கே அடையாளம் 8 பைட், வெர்ஷன் 1 பைட், எண்ணிக்கை 4 பைட், ஆக 13. கோப்பை எம்மேப் செய்து (மெமரியில் நேரடியாகப் பொருத்தி) அப்படியே படித்ததால் அதன் பின்னுள்ள ஒவ்வொரு ஃப்ளோட்டும் ஒழுங்கற்ற முகவரியில் உட்கார்ந்திருந்தது. யு74 கோர் இதை வன்பொருளில் செய்யாது. ஒவ்வொரு முறையும் ட்ராப் ஆகி, ஃபர்ம்வேரில் இருக்கும் ஓபன்எஸ்பிஐ பைட் பைட்டாகப் படித்துத் தரும். ஹெடரை 64 பைட்டுக்கு நிரப்பினால் தீர்ந்தது. வெக்டர் லோடுக்கு 16 அல்லது 32 பைட் ஒழுங்கு தேவையில்லை, ஒவ்வொரு உறுப்பும் 4 பைட் ஒழுங்கில் இருந்தால் போதும். எஸ்எஸ்இ-யைவிட இது தாராளம்.

எப்போதாவது வரும் கறுப்புக் கட்டம்

படத்தில் ஒரு டைல் (சதுரத் துண்டு) மட்டும் கறுப்பு, அதுவும் பல ஓட்டத்தில் ஒருமுறை. இது மெமரி வரிசை. எக்ஸ்86-ல் ஒரு கோர் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர் பார்க்கும். ரிஸ்க்-ஃபைவ் அந்த உத்தரவாதம் தராது. காட்சியை ஏற்றும் த்ரெட் பாயின்டரை எழுதிவிட்டு "தயார்" கொடியை ரிலாக்ஸ்டாக, அதாவது வரிசைக்கு உத்தரவாதம் கேட்காமல், ஏற்றுகிறது. வேலை செய்யும் த்ரெட் கொடியைப் பார்த்துவிட்டது, பாயின்டர் இன்னும் பழையது. கொடி ஏற்றுவதை ரிலீஸ் என்றும் பார்ப்பதை அக்வயர் என்றும் மாற்றினால் சரி.

க்யூஎமு எமுலேட்டரில் இதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அது எக்ஸ்86 டெஸ்க்டாப்பில் ஓடுவதால் அடியில் இருப்பது எக்ஸ்86 வரிசைதான். ஆனால் எக்ஸ்86-லேயே த்ரெட் சானிடைசர் (த்ரெட் மோதல்களைத் தேடும் கருவி) போட்டு ஓட்டினால் பிடித்துக்கொடுக்கும். அது நடந்ததைப் பார்க்காமல், நடக்கலாமா என்று பார்க்கிறது.

வெக்டர் பகுதி

இதுவரை சொன்னதெல்லாம் வெக்டர் இல்லாமலேயே சரிசெய்யலாம், அப்படித்தான் செய்ய வேண்டும். ஸ்கேலர் (வெக்டர் இல்லாத) நிரலின் ஐடி ஹேஷ் எக்ஸ்86-ஓடு ஒத்துப்போகும் வரை வெக்டரைத் தொடாதீர்கள்.

எஸ்எஸ்இ-யிலிருந்து வருபவர் முதலில் முட்டிக்கொள்வது, வெக்டர் வகைக்கு அளவு கிடையாது என்பது. ஸ்டிரக்ட்டுக்குள் வைக்க முடியாது, அரேயாக்க முடியாது, அளவு கேட்க முடியாது. "நான்கு ஃப்ளோட்" என்ற கிளாஸை வைத்துக் கட்டிய நூலகம் அப்படியே வராது. கம்பைலருக்கு வெக்டர் அகலத்தை முன்கூட்டிச் சொல்லி நிலையான அளவாக்கும் வழி உண்டு, ஆனால் அந்த பைனரி அதே அகலமுள்ள சில்லில் மட்டும் சரியாக ஓடும். பேக்கேஜ் போட்டு மற்றவருக்குக் கொடுக்கப் போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

இங்கே எடுத்த முடிவு: பிவிஎச்சை நான்கிலிருந்து எட்டுக் கிளையாக்கி, வெக்டர் நீளத்தை எப்போதும் 8 என்று அமைப்பது. 256 பிட் அகலத்தில் அது ஒரு ரெஜிஸ்டர். 128 பிட்டில் இரண்டு ரெஜிஸ்டரைக் குழுவாக்க வேண்டும், எல்மல் 2. எல்லாவற்றுக்கும் எல்மல் 2 என்று எழுதினால் எங்கும் ஓடும், ஆனால் அகலமான சில்லில் ரெஜிஸ்டர் எண்ணிக்கை 32-லிருந்து 16 குழுவாகச் சுருங்கும். எனவே டெம்ப்ளேட்டில் இரண்டு வடிவம். வெக்டர் அகலத்தை பைட்டில் சொல்லும் விலென்பி ரெஜிஸ்டர் 32 அல்லது அதற்கு மேல் என்றால் முதலாவது, 16 என்றால் இரண்டாவது.

எட்டுக் கிளை முனைக்கு எல்லைகள் 6 பெருக்கல் 8 பெருக்கல் 4, அதாவது 192 பைட். குழந்தை எண்கள் 32. நிரப்பினால் 256 பைட், நான்கு கேஷ் வரி. அது அதிகம். எல்லைகளை 8 பிட்டாகக் குறுக்கினால் 48 பைட், மூலமும் அளவும் 24, குழந்தைகள் 32, மொத்தம் 104. 128-க்குள் அடங்கும். விரிப்பதற்கு வெக்டரில் நேர்க் கட்டளை உண்டு: 8 பிட்டைப் படித்து, நான்கு மடங்கு விரித்து, ஃப்ளோட்டாக்கு. குறுக்கும்போது கீழ் எல்லையைக் கீழ்நோக்கியும் மேல் எல்லையை மேல்நோக்கியும் ரவுண்ட் செய்ய வேண்டும். மறந்தால் கல் மூலைகள் கரையும்.

முகமூடிக்கு வருவோம். எந்தெந்தக் குழந்தை பட்டது என்பது வெக்டர் ரெஜிஸ்டரில் பிட்களாக இருக்கும். எஸ்எஸ்இ-யின் மூவ்மாஸ்க் போல, அதை 8 பிட் உறுப்பாகக் கருதி ஸ்கேலருக்கு நகர்த்தலாம். நீளம் 8 என்றால் 8 பிட்டும் பொருளுள்ளவை. ஆனால் மரத்தின் ஓரங்களில் நீளம் 4 என்று வைத்து ஓட்டினால் மேல் நான்கு பிட் என்னவாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. முகமூடிகளின் வால்பகுதி (அமைத்த நீளத்துக்கு அப்பால் இருப்பது) எப்போதும் "எதுவாகவும் இருக்கலாம்" வகை. ஒரு போர்டில் சுழியாக இருந்து, இன்னொன்றில் ஒன்றாக வந்தால் இல்லாத குழந்தையைத் தேடிப் போகும். 15-ஓடு ஆண்ட் செய்துவிடுங்கள்.

இந்த வகைப் பிழையைப் பிடிக்கத்தான் க்யூஎமு. வால்பகுதியையும் முகமூடியால் விலக்கிய உறுப்புகளையும் வேண்டுமென்றே ஒன்றுகளால் நிரப்பும் இரண்டு தேர்வுகள் அதன் சிபியு அமைப்பில் உண்டு. இரண்டையும் இயக்கி, அகலம் 128, 256, 512 என்று மூன்று முறை ஐடி பாஸை ஓட்டுங்கள். ஹேஷ் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வேகம் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை என்றால், உள் லூப்பில் எத்தனை முறை வெக்டர் அமைப்புக் கட்டளை வருகிறது என்று ஆப்ஜ்டம்ப்பில் எண்ணுங்கள். 8 பிட், 32 பிட் என்று உறுப்பு அளவை மாற்றி மாற்றிப் போட்டால் கம்பைலர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்றை நுழைக்கும். 8 பிட் லோடுகள் ஆறையும் ஒன்றாக முதலில் வைத்தால் கணிசமாகக் குறையும்.

முன்னோட்டச் சன்னல்

ரெண்டரரின் முன்னோட்டம் ஓபன்ஜிஎல்-ல். ஜிபியு டிரைவர் ஒத்துழைக்கவில்லை என்றால், மெசாவின் (லினக்ஸின் திறந்த மூல கிராஃபிக்ஸ் நூலகம்) மென்பொருள் வழி. அதில் இரண்டு உண்டு: எல்எல்விஎம்பைப், ஓடும்போதே எல்எல்விஎம் மூலம் எந்திர நிரல் உருவாக்கும். சாஃப்ட்பைப், ஒவ்வொன்றாக விளக்கிப் படித்து ஓட்டும், மிக மெதுவு. எல்எல்விஎம்மின் பழைய ஜிட் லிங்கர் ரிஸ்க்-ஃபைவை அறியாது, அதனால் பழைய மெசாவில் எல்எல்விஎம்பைப் இங்கே எழவில்லை. புதிய ஓர்க்-ஜிட் வழி சேர்ந்த பிறகுதான் கைகூடியது. மெசாவை நீங்களே கட்டினால் அந்தத் தேர்வு இயங்குகிறதா பாருங்கள். ஜிஎல்எக்ஸ்-இன்ஃபோ ரெண்டரர் வரியில் சாஃப்ட்பைப் என்றும் பதிப்பு 3.3 என்றும் காட்டினால் தவறான வழியில் இருக்கிறீர்கள். எல்எல்விஎம்பைப் 4.5 காட்டும்.

வெயிலும் கரண்டும்

ஏசி அறையில் 25 டிகிரியில் எடுத்த வேகக் கணக்கை மே மாதம் காட்பாடியில் ஒரு மொட்டை மாடி அறையில் எதிர்பார்க்காதீர்கள். ஹீட் சிங்க் சுற்றுப்புறத்தைவிட 40 டிகிரி ஏறுகிறது என்றால் அங்கே 65, இங்கே 42 டிகிரி மதியத்தில் 82. கர்னல் வேகத்தைக் குறைக்கத் தொடங்கினால் அடுத்தடுத்த ஓட்டங்கள் மெதுவாகும், புது நிரல்தான் காரணம் என்று தோன்றும். சிஸ் கோப்புறையில் உள்ள வெப்ப எண்ணை, 1000-ஆல் வகுத்தால் டிகிரி, தற்போதைய அதிர்வெண்ணோடு சேர்த்து ஐந்து விநாடிக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். அதிர்வெண் அசையாமல் நின்ற ஓட்டங்களை மட்டும் ஒப்பிடுங்கள். நல்ல எண்கள் விடியற்காலையில்தான் கிடைக்கும்.

பராமரிப்பு மின்தடை என்று காலையில் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 12 வோல்ட் போர்டு என்பதற்காக இன்வெர்ட்டர் பேட்டரியை நேரடியாக மாட்டாதீர்கள், சார்ஜ் ஆகும்போது அது 14 வோல்ட்டைத் தாண்டும். இடையில் 12 வோல்ட் பக்-பூஸ்ட் மாட்யூல் ஒன்று வையுங்கள். ரெண்டரரிலும் டைல் டைலாகச் சேமிக்கும் வசதி சேர்த்தோம்: 64-க்கு 64 டைல், படத்துக்கு 30 பெருக்கல் 17, ஆக 510. ஒரு டைல் 65,536 பைட். தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் செய்து (வட்டில் உண்மையாக எழுத வைத்து), பிறகு பெயர் மாற்று. எஃப்சிங்கை விட்டால் கரண்ட் திரும்பி வந்ததும் பெயர் சரியாக, உள்ளே ஒன்றுமில்லாத கோப்புகள் இருக்கும்.

பாக்கி இருப்பது இரைச்சல் நீக்கி. இன்டெல் உருவாக்கிய ஓபன் இமேஜ் டீநாய்ஸ் எக்ஸ்86-64-க்கும் ஆர்ம் 64-க்கும்தான் அதிகாரபூர்வமாக வருகிறது. அதை பில்டிலிருந்து எடுத்துவிட்டு, 64 சாம்பிளை 256 ஆக்கினால் இரைச்சல் பாதியாகும், நேரம் நான்கு மடங்காகும். இப்போதைக்கு போர்டில் ரெண்டர் செய்த நேரியல் படத்தை, நார்மல், ஆல்பீடோ (பரப்பின் சொந்த நிறம்) பாஸ்களோடு சேர்த்து டெஸ்க்டாப்புக்கு அனுப்பி அங்கே நீக்குகிறோம். மூன்று பாஸும் ஒரே ஓட்டத்தில் எழுத வேண்டும். தனித்தனியாக எழுதினால் அகழித் தண்ணீரில் சுவரின் நிழல் இரட்டையாகத் தெரிகிறது.